கார் இன்ஷூரன்ஸ் ரினியூவல்: விலையைப் பார்க்கிறோம்... பாலிசியைப் பார்க்கிறோமா?

2024 அக்டோபர் நடுவில் ஒரு மாலை. சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரங்களில் கார்கள் வரிசைகட்ட ஆரம்பித்தன. கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கதவைப் பூட்டி, கண்ணாடியெல்லாம் ஏற்றியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, வீட்டுக்கு நடந்தே போனார்கள். போலீஸ் அபராதம் போடுகிறது என்று பேச்சு கிளம்பியது. அப்படியெல்லாம் இல்லை என்று காவல் துறை மறுத்தது. அபராதம் போட்டாலும் பரவாயில்லை, வண்டி நனையக் கூடாது என்பதுதான் அங்கே நிறுத்தியவர்களின் மனநிலை. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் அது. பள்ளிக்கரணையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து கார்கள் மிதந்து போன வீடியோவை யாரும் மறக்கவில்லை.

வண்டியை மேட்டில் ஏற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் பாலம் கிடைக்காத தெருவில், மழை நள்ளிரவில் வந்தால், அந்த வண்டிக்கு எழுதப்பட்ட பாலிசி என்ன தரும்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. காரணம், நாம் ரினியூவல் செய்யும் விதம். மொபைலில் மெசேஜ் வருகிறது. லிங்க்கைத் தொட்டால் கம்பெனிகள் வரிசையாக நிற்கின்றன, குறைந்த பிரீமியம் முதலில். அதைத் தேர்ந்தெடுத்து யு.பி.ஐ-யில் பணம் கட்டுகிறோம். வாட்ஸ்அப்பில் வரும் பி.டி.எஃப்-ஐ டிராஃபிக் போலீஸ் கேட்டால்தான் திறக்கிறோம். அந்த பி.டி.எஃப்-பில் இருக்கும் நான்கைந்து வரிகள்தான், விபத்துக்கு மறுநாள் உங்கள் கையில் எவ்வளவு பணம் நிற்கும் என்பதை முடிவு செய்கின்றன.

■ பிரீமியத்தில் என்னென்ன இருக்கிறது?

தேர்டு பார்ட்டி பிரீமியம்: நீங்கள் மோதி அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. சட்டப்படி கட்டாயம். கட்டணத்தை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி, தனியார் கார்களுக்கு 1,000 சி.சி-க்குள் 2,094 ரூபாய். 1,000 முதல் 1,500 சி.சி வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். எந்தக் கம்பெனியிலும் இதில் பேரம் கிடையாது.

ஓன் டேமேஜ் பிரீமியம்: உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கானது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தள்ளுபடி எல்லாம் இதில்தான்.

ஆட்-ஆன்: பம்பர் டு பம்பர், இன்ஜின் புரொடெக்‌ஷன் போன்றவை. தனித் தனியாகக் காசு.

ஓனர்-டிரைவர் விபத்துக் காப்பீடு: காப்பீட்டுத் தொகை 15 லட்சம் ரூபாய்.

இவற்றின் மேல் 18% ஜி.எஸ்.டி.

ஐ.டி.வி: ஆயிரம் ரூபாய் குறைய, ஒரு லட்சம் போகும்

வண்டி முழுசாகப் போய்விட்டாலோ, திருடு போய்விட்டாலோ கம்பெனி தரும் உச்சபட்சத் தொகைதான் ஐ.டி.வி. ஷோரூம் விலையிலிருந்து வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழித்து இதைப் போடுவார்கள். ஒரு வருடம் முடிந்து இரண்டு வருடம் வரை 20%, மூன்று வரை 30%, நான்கு வரை 40%, ஐந்து வரை 50%. ஐந்து வருடத்தைத் தாண்டிய வண்டிக்கு நிலையான அட்டவணை இல்லை. கம்பெனியும் நீங்களும் ஒப்புக்கொள்ளும் தொகைதான்.

பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட வேண்டுமென்றால் எளிய வழி ஐ.டி.வி-யைக் குறைப்பது. 5 லட்சம் பெறும் வண்டிக்கு 4 லட்சம் என்று போட்டால் பிரீமியம் குறையும். தள்ளுபடி, போனஸ் எல்லாம் கழித்த பிறகு பார்த்தால் அந்தக் குறைவு பெரும்பாலும் ஒன்றிரண்டாயிரத்துக்குள்தான் இருக்கும். பட்டியலில் அந்தக் கம்பெனி மேலே வந்துவிடும். நாமும் அதையே தொடுவோம்.

இதில் பலருக்குத் தெரியாத இன்னொரு கண்ணி இருக்கிறது. ரிப்பேர் செலவு ஐ.டி.வி-யில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், வண்டியைச் சரிசெய்யாமல் ‘டோட்டல் லாஸ்’ என்று முடித்துவிடலாம். வெள்ளத்தில் மூழ்கிய ஒரு காருக்கு ஒர்க்‌ஷாப் 3,20,000 ரூபாய் எஸ்டிமேட் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐ.டி.வி 5 லட்சமாக இருந்தால் வரம்பு 3,75,000. வண்டி ரிப்பேராகி வீட்டுக்கு வரும். அதே வண்டிக்கு ஐ.டி.வி 4 லட்சம் என்றால் வரம்பு 3 லட்சம்தான். டோட்டல் லாஸ் ஆகிவிடும். நான்கு லட்சத்தை வைத்துக்கொண்டு, சந்தையில் ஐந்து லட்சம் பெறும் அதே மாடலை நீங்கள் தேட வேண்டும். தள்ளுபடி என்று நினைத்து வாங்கியது, நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த வண்டியையே கையை விட்டுப் போக வைக்கிறது. ரினியூவலின்போது முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான் என்று நான் அழுத்திச் சொல்வேன். பல கம்பெனிகளை ஒப்பிடுவதானால், எல்லாவற்றிலும் ஒரே ஐ.டி.வி போட்டுவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

‘செல்ஃப் அடிக்காதீங்க!’

கனமழைக்கு மறுவாரம் எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் பானெட் திறந்த கார்கள் வரிசையாக நிற்கும். சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்தால் நேராக ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றச் சொல்வார். உள்ளே காகித ஃபில்டர் நனைந்து, சேறு படிந்து நொய்ந்திருக்கும். அடுத்தது டிப் ஸ்டிக். ஆயில் கறுப்பாக இல்லாமல் பால் அதிகம் விட்ட டீ நிறத்தில் இருந்தால், தண்ணீர் இன்ஜினுக்குள் கலந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பார்கள். கனெக்டிங் ராடு வளைந்திருந்தால் அந்த இடத்திலேயே பிரச்னை தொடங்குகிறது.

வளைந்தது எப்படி? நின்ற இடத்தில் வண்டி மூழ்கியதால் ராடு வளையாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால்தான் வளையும். காற்றை அழுத்த வேண்டிய பிஸ்டன் தண்ணீரை அழுத்தப் பார்க்கிறது, தண்ணீர் அழுந்தாது, ராடு மடங்குகிறது. மெக்கானிக்குகள் இதை ‘வாட்டர் லாக்’ என்பார்கள். ‘தண்ணி ஏறினா செல்ஃப் அடிக்காதீங்க’ என்று அவர்கள் தலைப்பாடாய் அடித்துக்கொள்வது இதற்காகத்தான்.

தேர்டு பார்ட்டியும் ஓன் டேமேஜும் சேர்ந்த சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியிலேயே வெள்ளமும் புயலும் உண்டு. சீட், கார்பெட், வயரிங் எல்லாம் மூழ்கி நனைந்ததற்கு அது பணம் தரும், தேய்மானம் போக. ஆனால் அதே பாலிசியில் ‘கான்சிக்வென்ஷியல் லாஸ்’, அதாவது நடந்த சேதத்தின் தொடர்ச்சியாக வந்த இழப்பு, கிடையாது என்று ஒரு வரி இருக்கிறது. வெள்ளம் வந்தது விபத்து. வெள்ளத்தில் நீங்கள் செல்ஃப் அடித்ததால் இன்ஜின் போனது தொடர்ச்சி. இப்படிச் சொல்லித்தான் இன்ஜின் கிளைம்கள் திருப்பி அனுப்பப்படுகின்றன. இன்ஜின் புரொடெக்‌ஷன் ஆட்-ஆன் இருந்தால் அந்தச் செலவு பாலிசிக்குள் வந்துவிடும். அப்போதும் தண்ணீருக்குள் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்த்தது தெரிந்தால் சண்டை வரும். விதிமுறைகள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு என்பதால், ‘வாட்டர் இன்கிரஷன்’ என்ற பத்தியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

இந்த ஆட்-ஆனைப் பொதுவாக நடுவில் சேர்க்க முடியாது. பாலிசி எடுக்கும்போது, அல்லது ரினியூவலின்போதுதான். சென்னை, கடலூருக்கு மட்டும்தான் இது தேவை என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ மழை கொட்டியது. தூத்துக்குடி, திருநெல்வேலியில் வெள்ளம் தெருவுக்கு வரும் என்று அதற்கு முன்பு யார் ஆட்-ஆன் வாங்கியிருப்பார்கள்? கம்பெனி மாறுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போன வருடம் இருந்த ஆட்-ஆன்கள் புதிய பாலிசிக்குத் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. பழைய பாலிசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடிக்க வேண்டும்.

■ வண்டி மூழ்கிவிட்டால்

இக்னிஷனைத் தொடாதீர்கள். முடிந்தால் பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள். தண்ணீர் எந்த மட்டம் வரை நிற்கிறது என்பது தெரியும்படி, நம்பர் பிளேட்டோடு போட்டோவும் வீடியோவும் எடுங்கள். கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லி, கிளைம் நம்பர் வாங்குங்கள். ரெக்கவரி வேனில் ஏற்றித்தான் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்ப வேண்டும். சர்வேயர் பார்க்கும் முன் எதையும் பிரிக்க விடாதீர்கள்.

பம்பர் டு பம்பர்: எவ்வளவு உங்கள் பாக்கெட்டிலிருந்து?

மூன்றரை வயது கார், 1,200 சி.சி. முன்பக்கம் இடித்துவிட்டது. பம்பர் 8,000, பானெட் 12,000, முன் கண்ணாடி 9,000, பெயின்டிங் 8,000. மொத்தம் 37,000 ரூபாய். (புரிவதற்காகப் போட்ட கணக்கு, ஃபிட்டிங் கூலியையும் வரியையும் சேர்க்கவில்லை.)

சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி தேய்மானம். பம்பரில் 4,000 உங்களுடையது. உலோகப் பாகத்துக்கு இந்த வயதில் 25%, பானெட்டில் 3,000. கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது. பெயின்டிங் பில்லில் கால் பங்கை மெட்டீரியல் என்று கணக்கிட்டு அதில் பாதியைக் கழிப்பார்கள், 1,000. கட்டாயக் கழிவு 1,500 சி.சி வரை 1,000 ரூபாய். ஆக, 9,000 ரூபாய் நீங்கள் கட்டுகிறீர்கள். தேய்மானத்தைக் கழிக்காமல் தரும் பம்பர் டு பம்பர் ஆட்-ஆன் இருந்தால் அந்தக் கட்டாயக் கழிவான 1,000-மும், நட்டு, போல்ட், ஆயில் போன்ற சில்லறை அயிட்டங்களும்தான்.

வண்டி ஐந்து வருடத்தைத் தாண்டினால் எல்லாக் கம்பெனியும் இந்த ஆட்-ஆனைத் தராது, சில தரும். வருடத்துக்கு இரண்டு கிளைம்தான் என்று வரம்பு வைக்கும் பாலிசிகளும் உண்டு. பெயரைக் கேட்டுவிட்டு எல்லாமே இதற்குள் அடக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. இன்ஜினுக்குள் புகுந்த தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

போனஸ் கணக்கும் பொய்க் கணக்கும்

ஒரு வருடம் முழுக்க கிளைம் கேட்காவிட்டால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20% நோ கிளைம் போனஸ். அடுத்தடுத்த வருடங்களில் 25, 35, 45, 50. ஒரு கிளைம் வாங்கினால் மறுபடி பூஜ்ஜியம். போனஸ் இல்லாத பிரீமியம் 12,000 ரூபாய் என்றும் அது மாறவில்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 50 சதவிகிதத்தில் இருக்கும் ஒருவர் 6,000 கட்டுகிறார். அவர் ஒரு கதவு நசுங்கலுக்காக 5,000 ரூபாய் கிளைம் வாங்கினால், மீண்டும் 50 சதவிகிதத்தை எட்டுவதற்குள் கூடுதலாகக் கட்டுவது மொத்தம் 15,000 ரூபாய். சின்ன டிங்கரிங் வேலைக்கெல்லாம் கைக்காசைப் போடுவதே மேல்.

இங்கே ஆபத்தான ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. கம்பெனி மாறும்போது, ‘போன வருடம் கிளைம் வாங்கினீர்களா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று தட்டிவிடுவது. ஏஜென்ட்டே தட்டிவிடுவதும் உண்டு. புதிய கம்பெனி பழைய கம்பெனியிடம் உறுதிசெய்துகொள்ள முடியும். பல நேரம் அது நடப்பது கிளைம் வரும்போதுதான். ‘என் அறிவிப்பு தவறானால் ஓன் டேமேஜ் பலன்களை இழப்பேன்’ என்ற உறுதிமொழிக்குக் கீழேதான் உங்கள் ஒப்புதல் இருக்கும். சில ஆயிரம் போனஸுக்காக, லட்சக்கணக்கான கிளைமைப் பறிகொடுப்பது வேண்டாத வேலை.

போனஸ் வண்டிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். பழைய காரை விற்கும்போது அதற்கான சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டால் மூன்று வருடத்துக்குள் புதுக் காருக்குப் பயன்படுத்தலாம். பாலிசி முடிந்து 90 நாள்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்ததெல்லாம் போய்விடும்.

கோவை டாக்டரும் மூன்று வருட பாலிசியும்

கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் டாக்டர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்கக் கோரி 2012-ல் உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில் பிறந்த உத்தரவால்தான் 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் கார்களுக்கு மூன்று வருட தேர்டு பார்ட்டி பாலிசி கட்டாயமானது. அடிபட்டவர்களின் குடும்பம் நஷ்டஈடு இல்லாமல் தவிக்கக் கூடாது என்பதற்காக வந்த நல்ல ஏற்பாடு.

ஆனால் பல வீடுகளில் இது ‘மூன்று வருடத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது’ என்று மட்டும் பதிந்துவிட்டது. பெரும்பாலான பாலிசிகளில் ஓன் டேமேஜ் ஒரே வருடம்தான். முதல் வருடம் முடிந்ததும் தேர்டு பார்ட்டி ஓடிக்கொண்டிருக்கும். போலீஸ் பிடித்தாலும் அபராதம் வராது. புத்தம் புது வண்டிக்கு மட்டும் எந்தப் பாதுகாப்பும் இருக்காது. பாலிசியில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள்.

காருக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் யார் கணக்கு?

வண்டி பழசாகிவிட்டது, தேர்டு பார்ட்டி மட்டும் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் ஏராளம். தகரத்துக்கு எதற்குக் காப்பீடு என்ற கணக்கு அது. அந்தக் கணக்கில் விட்டுப்போவது காருக்குள் உட்காரும் மனிதர்கள். தேர்டு பார்ட்டி மட்டும் உள்ள பாலிசி, உங்கள் சொந்தக் காரில் காசு கொடுக்காமல் வரும் பயணிகளுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் சொல்லிவிட்டது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசி என்றால் அவர்களும் அதற்குள் வருவார்கள். திருச்செந்தூர் போகும்போது பின் சீட்டில் இருக்கும் அத்தையும் மாமாவும் யார் பொறுப்பு என்பதை இந்த ஒரு டிக் முடிவு செய்கிறது.

சென்னை உயர் நீதிமன்றமும் இதைக் கவலையோடு பார்த்திருக்கிறது. ஓட்டுநர், பயணிகள், உரிமையாளர் என எல்லோருக்கும் சேர்த்து, புது வாகனங்களுக்கு ஐந்து வருட பம்பர் டு பம்பர் பாலிசி கட்டாயம் என்று 2021 ஆகஸ்டில் உத்தரவிட்டது. நடைமுறைப்படுத்த முடியாது என்று காப்பீட்டுத் துறை முறையிட, செப்டம்பரில் அது திரும்பப் பெறப்பட்டது. சட்டம் செய்யாததை இப்போது நீங்கள்தான் செய்துகொள்ள வேண்டும்.

அடிக்கடி ஆக்டிங் டிரைவர் வைத்து ஓட்டுகிறவர்கள், ‘பெய்டு டிரைவர்’ வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 50 ரூபாய்தான்.

அப்பா பெயரில் ஓடும் வண்டி

அப்பா காலமாகிவிட்டார். கார் வாசலில் நிற்கிறது. மகன் ஓட்டுகிறார், வருடா வருடம் அப்பா பெயரிலேயே பிரீமியமும் கட்டுகிறார். நம் ஊரில் இது சர்வ சாதாரணம். பணம் கட்டுகிறோமே, பாலிசி இருக்கிறதே என்ற நம்பிக்கை. பாலிசியின் நிபந்தனையோ வேறு. உரிமையாளர் இறந்தால், மூன்று மாதம் அல்லது பாலிசி முடியும் தேதி, இதில் எது முதலோ அதுவரைதான் அது செல்லும். அதற்குள் வாரிசு தன் பெயருக்கு மாற்ற வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் என்று ஆர்.டி.ஓ அலுவலகத்துக்கு அலைய வேண்டும் என்பதால் தள்ளிப்போடுகிறோம். துக்கத்தில் இருக்கும் வீட்டில் இதை எடுத்துச் சொல்ல யாருக்கும் மனசு வராது என்பதும் உண்மை. ஆனாலும் உறவில் ஒருவர் சொல்லத்தான் வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்களுக்கும் இதே கதைதான். வாங்கிய 14 நாள்களுக்குள் கம்பெனிக்குத் தெரிவித்துப் பாலிசியை மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாவிட்டால் தேர்டு பார்ட்டி மட்டும் தொடரும். உங்கள் வண்டிச் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. விற்றவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. ஆர்.சி-யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதிசெய்திருக்கிறது.

ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு விடுபவர்கள் கவனத்துக்கு: தனியார் கார் பாலிசியில் ‘வாடகைக்குப் பயன்படுத்தக் கூடாது’ என்று தெளிவாக இருக்கிறது. தெரிந்தவர்தானே என்று கல்யாண சவாரிக்குக் காசு வாங்கி அனுப்பிய அன்றைக்கு விபத்து நடந்தால் கிளைம் நிற்காது. சி.என்.ஜி கிட் பொருத்தியிருந்தால் ஆர்.சி-யிலும் பாலிசியிலும் அது இருக்க வேண்டும். கார் லோன் முடிந்துவிட்டதென்றால் பேங்க் பெயரை இரண்டிலிருந்தும் நீக்குங்கள். இல்லையென்றால் டோட்டல் லாஸ் பணம் பேங்க் வழியாகச் சுற்றி வரும்.

தேதி தவறினால், கம்பெனி மறுத்தால்

பாலிசி முடிந்த மறுநாள் விபத்து என்றால், ஒரு நாள்தானே என்று எந்தக் கம்பெனியும் கருணை காட்டாது. காப்பீடு இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. அடுத்தவர் உயிருக்கு ஆபத்தாகிவிட்டால், தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீடு உங்கள் சொத்திலிருந்து போகும். விட்டுப்போன பாலிசியைப் புதுப்பிக்க வண்டியை இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காட்ட வேண்டும்.

ரினியூவலுக்கு இன்னும் பல மாதம் இருக்கிறது, மழையோ நெருங்குகிறது, இன்ஜின் புரொடெக்‌ஷன் இல்லை என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. 2024 ஜூனில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, காரணம் சொல்லாமலே பாலிசியை ரத்து செய்யலாம். ஒரு வருட பாலிசியில் கிளைம் வாங்கியிருக்காவிட்டால் மீதிக் காலத்துக்கான பிரீமியம் திரும்பக் கிடைக்கும். புது பாலிசியைக் கையில் வாங்கிய பிறகே பழையதை ரத்து செய்யுங்கள். நடுவில் ரத்து செய்வதால் அந்த வருடத்துக்கான போனஸ் ஏறாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் கம்பெனி கிளைமை மறுத்தால், முதலில் அந்தக் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை உத்தரவிட அதிகாரம் உண்டு. அந்த உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும் என்பதால், போனில் ‘கிளைம் ஆகாது சார்’ என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். எந்த நிபந்தனையின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டு, தேதியோடு வாங்கி வையுங்கள்.